சிந்தாமணியைத் தேடி நம் வாயிலுக்கு வந்தவர்

தமிழ் ஜைனர் இல்லம் ஒன்றில் சீவக சிந்தாமணி நூல் இருக்குமாயின், அது பெரும்பாலும் டாக்டர் உ.வே. சாமிநாதையர் பதிப்பாகவோ, அதனை அடியொற்றி வந்த பதிப்பாகவோதான் இருக்கும். திருத்தக்கதேவர் என்னும் நம் முனிவர் அருளிய காப்பியம், நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக அச்சேறியது 1887-ஆம் ஆண்டில். அதற்கு முன் 1868-இல் பவர் என்னும் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் வெளியிட்டிருந்தார். எஞ்சிய பன்னிரண்டு இலம்பகங்களும் ஏட்டுச் சுவடிகளிலேயே உறங்கின. அவற்றை எழுப்பியவர் சிவபக்தி மிக்க அந்தணக் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்தைந்து வயது வரை ஜைன சமயத்தோடு நேரடிப் பழக்கம் ஏதும் இல்லாதவர். அத்தகையவர் நம் சமயக் காப்பியத்தின் பொருள் தேடி நம்மவர் வாயிற்படி ஏறிய வரலாறு, நம் குடும்பத்துச் சிறுவர் சிறுமியர் அறிய வேண்டிய ஒன்று.

அவ்வரலாறு கும்பகோணத்தில் தொடங்குவதாகப் பலரும் எண்ணுவர். எம் கருத்தில் அதன் வேர் அரியலூரிலும் குன்னத்திலும் இருக்கிறது.

சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19-ஆம் நாள், தம் தாயார் சரசுவதி அம்மாளின் ஊராகிய சூரியமூலையில் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையரின் ஊர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். அவர் இசைவாணர். உடையார்பாளையம் அரண்மனையில் புகழுடன் விளங்கிய கனம் கிருஷ்ணையர் அவருக்கு உறவினரும் ஆசிரியருமாவார். அந்தத் தொடர்பினாலேயே காவிரிக்கரைக் குடும்பம் ஒன்று கொள்ளிடத்துக்கு வடக்கே, அந்நாளில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த வறண்ட நிலப் பகுதியை நாடிச் சென்றது. இன்று அப்பகுதி பெரம்பலூர், அரியலூர் என இரு மாவட்டங்களாக உள்ளது.

அரியலூரில் வேங்கடசுப்பையர் ஜமீன்தாரின் ஆதரவைப் பெற்றிருந்தார். ஆயினும் நிலையான வருவாய் என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. இசையோடு கலந்த கதைப் பிரசங்கங்கள் செய்து, ஊரார் அளிப்பதைக் கொண்டு குடும்பம் நடந்தது. மகன் சங்கீதம் கற்று முன்னுக்கு வர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுடைய மனமோ தமிழ்ப் பாட்டில் சென்று படிந்தது. அதற்குக் காரணமானவர் அரியலூர்ச் சடகோபையங்கார் என்னும் வைணவப் பெரியார். வறுமையில் வாழ்ந்த புலவர் அவர். செய்யுளை இசையுடன் பாடி, சுவை தோன்றப் பொருள் விரித்துச் சொல்லுவார். தமிழ்ச் சுவை என்பது இன்னது என்று சாமிநாதையர் முதன்முதல் உணர்ந்தது அவரிடத்தில்தான். கோதண்டராமசுவாமி கோயில் தசாவதாரத் தூண்களைக் காண அரியலூர் செல்வோர் இன்றும் உண்டு. அவ்வூர்த் தெரு ஒன்றில் ஓர் ஏழை வைணவர் ஒரு சைவச் சிறுவனுக்கு ஊட்டிய தமிழ் பிற்காலத்தில் ஜைன காப்பியம் ஒன்றை மீட்டுத் தந்தது என்பதை அவர்களுள் எத்தனை பேர் நினைப்பார்களோ, யாம் அறியோம்.

மகனுடைய நாட்டத்தைக் கண்ட தந்தை, அதற்குத் தடையாக நிற்கவில்லை. எந்த ஊரில் தமிழ் கற்பிப்பார் உளரோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு சென்றார். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை பாடம் சொன்னார். ஊரார் அக்குடும்பத்துக்கு வேண்டியன அளித்து ஆதரித்தனர். பிறகு கார்குடி, அங்கே கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் கற்பித்தார். பிறகு பெரம்பலூரை அடுத்த செங்கணம். அங்கே விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகை முதலியவற்றைக் கற்பித்தார். அந்தணரும் வேளாளரும் வைணவரும் ரெட்டியாருமாகப் பலரிடத்தில் ஒரே மாணவர் கற்றார். சம்பளம் என்ற பேச்சு பெரிதாக எழவில்லை.

இங்கே நம் வாசகர்கள் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் தகும். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் ஜைனர். காரிகை இயற்றிய அமிதசாகரரும் ஜைனர். திண்ணைப் பள்ளிகளில் அந்நாளைய சிறுவர்கள் நெட்டுருச் செய்த சூடாமணி நிகண்டும் மண்டலபுருடர் என்னும் ஜைனர் செய்ததே. ஆகவே, குன்னத்துப் பக்கத்துச் சிற்றூர்களில் ஜைனர் இல்லாதபோதும் ஜைனர் நூல்கள் இருந்தன. கார்குடி ஐயங்காரும் செங்கணத்து ரெட்டியாரும் அவற்றைத் தமக்குரிய நூல்களாகவே கொண்டு கற்பித்தனர். தமிழகத்தில் நம் சமயத்தாரின் தொகை குறைந்தபின்னும், எழுத்தும் சொல்லும் யாப்பும் கற்கும் ஒவ்வொரு தமிழ்ச் சிறுவனுக்கும் நம் முனிவர்களே ஆசிரியராக நின்றனர். காப்பியத்துக்கு மட்டும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. இலக்கணம் எல்லோருக்கும் தேவைப்பட்டது. சீவகன் கதையோ வேற்றுச் சமயத்தார் கதை என்று ஒதுக்கப்பட்டது.

இனித் தமக்குச் சொல்லிக்கொடுக்க இப்பகுதியில் ஆள் இல்லை என்னும் நிலை வந்தபோது, திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்லுமாறு ஊக்கியவர் விருத்தாசல ரெட்டியாரே. அவ்வண்ணமே பதினாறு வயதளவில் மாயூரம் சென்று பிள்ளையவர்களை அடைந்தார். திருவாவடுதுறை ஆதீனத்திலும் பிற ஊர்களிலும் ஆசிரியருடன் இருந்து கற்ற கல்வி, 1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறையும் வரை தொடர்ந்தது. அக்காலத்தும் பெரம்பலூர்ப் பகுதி அவரைக் கைவிடவில்லை. திருமணச் செலவால் ஏற்பட்ட கடன் குடும்பத்தை நெருக்கியபோது, காரை என்னும் ஊரில் கிருஷ்ணசாமி ரெட்டியார் இல்லத்தில் திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்து பொருள் ஈட்டினார். செங்கணத்து ரெட்டியார் முயற்சியால் அமைந்த ஏற்பாடு அது.

1880-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவர் வாழ்வின் திருப்பம் நிகழ்ந்தது. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டு வரச் சென்றார். எந்த நூல்களைக் கற்றீர் என்று முதலியார் வினவ, அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று நீண்ட பட்டியலைக் கூறினார். முதலியார் அதனால் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைக் கற்றதுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடை. அடுத்து முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை அவரிடம் அளித்துப் பாடம் சொல்லுமாறு வேண்டினார். தமிழ்க்கடல் என்று மதிக்கப்பட்ட மகாவித்துவானிடம் பயின்றவருக்கு அந்தச் சுவடி எளிதில் விளங்கவில்லை. சொற்கள் தமிழாக இருந்தன. அவற்றின் பின் நின்ற உலகம் வேறாக இருந்தது. சமவசரணம், கணதரர், கேவல ஞானம், நால்வகைக் கதி என நம் வீட்டுச் சிறுவர் தாத்தாவின் மடியிலிருந்தே கேட்டு அறியும் கருத்துகள், வெளியார்க்கு எந்த அகராதியிலும் அகப்படா.

கும்பகோணத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஜிநாலயம் இன்றும் உள்ளது. அந்நகரில் ஜைனக் குடும்பங்கள் வாழ்வதை அறிந்து, சந்திரநாத செட்டியார் என்பவர் இல்லத்துக்குச் சாமிநாதையர் சென்றார். வாயிலில் மாவிலைத் தோரணமும் கோலமும் பொலிந்தன. வீட்டில் திருமணமோ வேறு மங்கல நிகழ்ச்சியோ நடந்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். கேட்டபோதுதான், பல மாதங்களாக அவ்வில்லத்தில் நடந்துவந்த சிந்தாமணிப் பாராயணம் அன்று நிறைவுற்றது என்பது தெரிந்தது. தாம் எழுத்தெழுத்தாகத் தடவித் தடவிப் படித்துப் பொருள் காணாது தவித்த நூல், சில தெருக்கள் தள்ளி ஒரு வீட்டின் கூடத்தில் விழாவாகக் கொண்டாடப்பட்டது கண்டு அவர் திகைத்தார். தமிழறிஞர் உலகம் அந்நூலை மறந்திருந்தது. ஒரு குடும்பத்தின் நடுக்கூடம் மறக்கவில்லை.

அக்கூடத்தில் வீடூர் அப்பாசாமி நயினார் இருந்தார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து வீடூர் ஆதிநாதர் ஜிநாலயத்தால் நம்மவர்க்கு நன்கு தெரிந்த ஊர். சமய நூல்களில் ஆழ்ந்த பயிற்சியுடைய நயினார், கேட்ட ஐயங்களுக்குத் தடையின்றி விடை கூறினார். அதன் பிறகு சாமிநாதையர் நம்மவர் இல்லங்களுக்கு அடிக்கடி சென்றார். கல்லூரி ஆசிரியர் என்னும் பெருமிதத்தை வெளியே வைத்துவிட்டு, குன்னத்திலும் செங்கணத்திலும் இருந்தது போலவே மாணவராக அமர்ந்து கேட்டார். ஸ்ரீபுராணத்தில் வரும் சீவகன் சரிதத்தையும், தீர்த்தங்கரர் வரலாறுகளையும், கருமம், கதி, வீடு பற்றிய கொள்கைகளையும் அவ்வாறே கற்றறிந்தார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட நம் பெரியோர் அவரைப் பவ்ய ஜீவன் என்று குறிப்பிட்டனர். வீடுபேற்றுக்கு உரிய தகுதி வாய்ந்த உயிர் என்பது அச்சொல்லின் பொருள். பட்டங்கள் பல பிற்காலத்தில் அவருக்கு வந்தன. நம் சமயத்தார் வாயால் கிடைத்த இந்தச் சொல் அவற்றுள் எதற்கும் தாழ்ந்ததன்று என்றே சொல்லத் தோன்றுகிறது.

எல்லாக் கதவுகளும் உடனே திறந்தன என்று எண்ணிவிடலாகாது. தஞ்சையில் ஓர் ஜைனப் பெரியவரிடம் சிந்தாமணி ஏடு இருந்தது. ஜைனரல்லாதார் கையில் அதனைத் தருவதில்லை என்பது அவருடைய உறுதி. நண்பர் ஒருவர் இடைநின்று பெரிதும் முயன்ற பின்னரே அந்த ஏடு பார்வைக்குக் கிட்டியது. அப்பெரியவரைக் குறை கூறுவது எளிது; நியாயமன்று. நூற்றாண்டுகளாக இகழ்ச்சியும் புறக்கணிப்பும் கண்ட ஒரு சிறு சமுதாயம், தன் நூலை வெளியார் கையில் கொடுக்க அஞ்சியதில் வியப்பில்லை. அந்த அச்சமே ஏட்டைக் காத்தது. ஆனால் அதே அச்சம் நீடித்திருந்தால், ஏடு செல்லரித்து உதிர்ந்தபோது நூலும் உடன் உதிர்ந்திருக்கும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதுற்ற சுவடிகள் நெய்யில் தோய்க்கப்பட்டு ஓமத்தீயில் இடப்பட்ட செய்தியைப் பின்னாளில் சாமிநாதையர் நெஞ்சுருகிப் பதிவு செய்திருக்கிறார். நம்மவர் சுருத பஞ்சமியன்று நூல்களைத் துடைத்துப் பூசித்துவந்த வழக்கம், அத்தகைய முடிவிலிருந்து பல ஏடுகளைக் காத்தது. ஆகார தானம், ஔஷத தானம், அபய தானம் என்பவற்றோடு சாஸ்திர தானத்தையும் வைத்து எண்ணுவது நம் மரபு. கும்பகோணத்தார் அன்று வாய்மொழியாகச் செய்ததும், தஞ்சைப் பெரியவர் தயங்கித் தயங்கி ஏட்டால் செய்ததும் சாஸ்திர தானமே.

சிந்தாமணிக்கு உரை செய்த நச்சினார்க்கினியரைப் பற்றியும் இதையொத்த ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அவரும் ஜைனரல்லர். அவர் முதலில் எழுதிய உரையை ஜைனர்கள் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சித்தாமூருக்குச் சென்று நம் நூல்களைக் கற்று மீண்டும் உரை வரைந்தார் என்றும் கூறுவர். மேல்சித்தாமூர் மடத்துக்குச் செல்லும் நம் மக்களுக்கு இக்கதை புதிதன்று. உண்மை எவ்வாறாயினும், நூலின் பொருள் அந்நூலுடன் வாழ்வோரிடத்தில் உள்ளது என்பதை அவ்வுரையாசிரியரும் உணர்ந்தார் என்றே அக்கதை சொல்லுகிறது.

எதிர்ப்பு மறுபுறத்திலிருந்தும் வந்தது. சைவர் ஒருவர் ஜைன நூலை அச்சிடலாமா என்று முணுமுணுத்தோர் உண்டு. அதற்கு ஒரு பழைய காரணமும் இருந்தது. சோழ மன்னன் சிந்தாமணியில் மனம் தோய்ந்திருந்தான் என்றும், அவனை அதிலிருந்து திருப்பவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்றும் சேக்கிழார் புராணம் கூறும். அச்சோழர்களின் தலைநகரம் இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்டசோழபுரம். வடக்கேயிருந்து கும்பகோணம், தஞ்சை, தீபங்குடி ஜிநாலயங்களுக்கு யாத்திரை செல்லும் நம் குடும்பங்கள், கொள்ளிடத்தைக் கடப்பதற்கு முன் அப்பெருங்கோயிலை அடுத்தே செல்கின்றனர். சிந்தாமணி ஒரு காலத்தில் அரசவையில் ஓதப்பட்டது என்பதற்கு, அதனை விலக்க எழுந்த அந்தக் கதையே சான்றாக நிற்பது வேடிக்கைதான். சாமிநாதையரின் நற்பேறு, சைவ மடத்தின் தலைவராகிய திருவாவடுதுறைச் சுப்பிரமணிய தேசிகர் இத்தகைய குறுகிய நோக்கம் இல்லாதவராக இருந்தார். அவருடைய ஆதரவு இம்முயற்சிக்கு இருந்தது.

அச்சு வேலை சென்னையில் நடந்தது. விடுமுறை தோறும் கும்பகோணத்திலிருந்து சென்று தங்கிப் பிழை திருத்தினார். பொருள் போதாமையால் கையொப்பம் சேர்ப்பதற்காகப் பல வீடுகளின் வாயிலில் காத்து நின்றார். பதின்மூன்று இலம்பகங்கள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்கள், ஏட்டுக்கு ஏடு மாறும் பாடங்கள். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887-இல் நூல் வெளிவந்தது.

சிந்தாமணியால் தமிழுக்கு விளைந்த மற்றொரு நன்மையும் உண்டு. நச்சினார்க்கினியர் தம் உரையில் எடுத்துக்காட்டும் மேற்கோள்கள் எந்தெந்த நூல்களைச் சேர்ந்தவை என்று தேடப் புகுந்தபோதே, பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவர் கண்ணுக்குப் புலப்பட்டன. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என அவை அடுத்தடுத்து அச்சேறின. சங்க இலக்கியத்துக்கு அவர் சென்ற வழி நம் காப்பியத்தின் வாயில் வழியே சென்றது. தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் இதனை இன்னும் சற்று அழுத்திச் சொல்லலாம்.

ஏடு தேடி அவர் சென்ற ஊர்களை இங்கே அடுக்கினால் கட்டுரை நீளும். மாட்டு வண்டியிலும் இரயிலிலும் கால்நடையாகவும் பாண்டி நாடு, சோழ நாடு, தொண்டை நாடு முழுவதும் திரிந்தார். 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றினார். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார். ஜைன நூல்கள் மீது கொண்ட அன்பு முதுமையிலும் தணியவில்லை. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையைச் சிதைந்த ஏட்டிலிருந்து மீட்டு 1924-இல் வெளியிட்டார். தமது எண்பதாம் வயதில் உதயணகுமார காவியத்தைப் பதிப்பித்தார். உடையார்பாளையத்து இசையையும் அவர் மறக்கவில்லை; கனம் கிருஷ்ணையரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார்.

1942 ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார். மறு ஆண்டு அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையம், அவர் தேடித் தொகுத்த சுவடிகளைக் காத்துவருகிறது. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த தியாகராச விலாசம் என்னும் இல்லம் 2012-இல் இடிக்கப்பட்டுவிட்டது. உத்தமதானபுரத்து இல்லம் நினைவிடமாக நிற்கிறது.

1940 முதல் ஆனந்த விகடனில் அவர் எழுதிவந்த தன்வரலாறு, மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. நம் இல்லங்களில் அதனைப் படிக்காதவர்கள் சிந்தாமணி பற்றிய இயல்களையேனும் எடுத்துப் படிக்கலாம். கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் பெயரும், வீடூர் அப்பாசாமி நயினார் பெயரும், அரியலூர்ச் சடகோபையங்காருக்கும் செங்கணம் விருத்தாசல ரெட்டியாருக்கும் அளித்த அதே மதிப்புடன் அங்கே எழுதப்பட்டுள்ளன.